ஜப்பான் மொழி படித்தால் கம்பெனி வேலைதானா?



ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் ஜப்பானிய மொழி படிக்கிறீர்கள். "என்5 பாஸ் சார்" என்று செய்தி வரும்போது மனம் நிறைகிறது. லைனில் நிற்பதைவிட மொழிபெயர்ப்பாளர் வேலை மேல். அதில் தப்பே இல்லை.

ஆனால் என் மாணவி ஒருத்தி என்3 தேறிவிட்டு, ஜப்பான் வரலாறு எம்.ஏ. படிக்கவேண்டும் என்கிறாள். வீட்டில் ஒரே சண்டை. அவள் அப்பாவும் என்னிடம் படித்தவன்தான். "நீங்களே எழுதிப் போடுங்க சார், நாலு பேர் சொல்லட்டும்" என்றான். இதோ எழுதிவிட்டேன்.

தம்பி, நொபொரு கராஷிமா என்று ஒருவர். 1933-ல் பிறந்த ஜப்பானியர். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ்க் கல்வெட்டு படித்தார். அன்று தமிழ் படித்தவருக்கு ஜப்பானில் எந்தக் கம்பெனி வேலை கொடுத்திருக்கும்? திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனி ஆட்கள் கையில். அல்லூரில் ஊருக்கே பொது. சோழர் காலத்தில் நிலம் யாரிடம் இருந்தது என்ற பெரிய கேள்வியை இரண்டு சின்ன ஊர்களை வைத்துத் தொட்டார். ஒரு கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு கதை கட்டமாட்டார். ஒரு சொல் எங்கே, எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார். எ. சுப்பராயலு, தொரு மட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து 1978-ல் வெளியிட்டார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத் தலைவர் அவர்தான். 2010-ல் கோவையில் மாநாடு என்றபோது, ஆய்வாளர்கள் தயாராக அவகாசம் போதாது என்று அரசிடமே சொன்னார். (எனக்கு அவரை மிகவும் பிடித்தது இதில்தான்.) 2013-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார்.

நம் பக்கத்திலிருந்து அப்படி யார் போனோம்? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பிரிஜ் தங்கா நவீன ஜப்பான் வரலாறு கற்பித்தார், எழுதினார். ஜப்பானிய மூலத்தைப் படித்து எழுதிய ஜப்பான் வரலாறு தமிழில் ஒன்றுகூட என் அலமாரியில் இல்லை. இத்தனை வருடமாக அவர்கள் நம் ஊரில் கார் செய்கிறார்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது சுறுசுறுப்பும் அணுகுண்டும்தான்.

செலவைக் கேட்டாய். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் அதிலேயே. கிடைப்பது சுலபம் இல்லை. ஆராய்ச்சி முடிய வருடங்கள் ஆகும், வேலையும் குறைவு, இதையும் மறைக்கமாட்டேன். ஆனால் என்3 கையில் இருக்கிறது. படிப்பு சரிவராவிட்டாலும் ஒரகடம் எங்கும் ஓடிவிடாது.

டெல்லியில் கிழக்காசிய ஆய்வுத் துறையில் படித்தவர்கள், மெக்ஸ்ட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் நம் பிள்ளைகளில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அவள் அப்பா படிப்பான்.