முற்றத்துக்கு வரட்டும் சட்டம்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. வீணாக்காமல் மிச்சம்பிடிக்கும் மின்சாரத்துக்கு எரிபொருளும் வேண்டாம், டொலரும் வேண்டாம் என்பதே அந்த நாட்கள் புகட்டிய பாடம்.

அப்படி மிச்சம்பிடிக்கும் வழியைக் காண, நல்லூரில் எஞ்சியுள்ள நாற்சார் வீடொன்றுக்குள் சித்திரை வெயிலில் நுழைந்து பாருங்கள். சூடேறிய காற்று நடுமுற்றத்தால் மேலெழுந்து போகும். தடித்த சுவரில் கைவைத்தால் குளிரும். பக்கத்துக் கொங்கிறீட் மாடியிலோ, மேற்கு வெயில் விழும் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் குளிரூட்டி ஓயாமல் ஓடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகரப்படும் வலுவில் ஏறத்தாழ 40 வீதம் கட்டடங்களுக்கே செல்கிறது. அதனால் 2024இல் கட்டட வலு விதிகளை அங்கு மேலும் இறுக்கினார்கள். இங்கும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதன்வழி வந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் உண்டு. ஏட்டில் இருப்பது முற்றத்துக்கு வரவேண்டும்.

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள் நிழல், காற்றோட்டம், கூரை வெப்பத்தடுப்பு ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்க வேண்டும். ஆலைகளுக்கும் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் வலுக் கணக்காய்வும், பழைய மோட்டார்களை மாற்ற இலகு கடனும் வேண்டும். அரச அலுவலகங்கள் முதலில் வழிகாட்டட்டும். நம் முன்னோர் சுவரிலும் கூரையிலும் காட்டிய அறிவைச் சட்டமாக்குவது நமது கடமை.