'அசல்' உணவு என்று ஒன்று உண்டா? சின்சினாட்டி நகரத்துச் சில்லியை முன்வைத்துச் சில கேள்விகள்

அமெரிக்காவில் உணவு பற்றி எழுதுவோர் மத்தியில் நீண்டகாலமாக ஒரு மனப்பான்மை நிலவி வருகிறது. கிழக்குக் கரையில் நியூயோர்க், மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோவும் லொஸ் ஏஞ்சல்ஸும். சுவை என்பது இவ்விரு கரைகளிலும் மாத்திரமே வாழ்கிறது என்பது அவர்களது நம்பிக்கை. நடுவில் கிடக்கும் மாநிலங்கள் விமானத்தின் சாளரத்தினூடாக ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுக் கடந்து செல்லவேண்டிய சோளவயல்கள். அங்கு வாழும் மக்கள் வயிற்றை நிரப்புகிறார்களே தவிர உணவை அறியார்கள் என்ற தீர்ப்பு, விசாரணை எதுவுமின்றியே எழுதப்பட்டுவிட்டது. இந்தத் தீர்ப்பை மிக அதிகமாகச் சுமந்துகொண்டிருக்கும் நகரங்களில் ஒன்று சின்சினாட்டி.

ஒஹாயோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஒஹாயோ நதிக்கரையில் அமைந்திருக்கிறது அந்நகரம். ஆற்றைக் கடந்தால் கென்டக்கி மாநிலம். அந்நகரத்தவர்கள் 'சில்லி' என்று அழைக்கும் உணவு வேறெங்கும் கிடைக்கும் சில்லியைப் போன்றதல்ல. மாட்டிறைச்சியை எண்ணெயில் வதக்காமல், பச்சையாகவே தண்ணீரில் மிக நுண்ணியதாக உதிர்த்துப் பல மணிநேரம் வேகவைக்கிறார்கள். தக்காளி, வினாகிரி ஆகியவற்றோடு கறுவாவும் கராம்பும் சேர்கின்றன. தண்மையான அந்தக் குழம்பை அவித்த ஸ்பகெட்டியின் மீது ஊற்றி, அதன் மேல் துருவிய செடார் சீஸைக் குன்றுபோலக் குவித்தால் அதற்குத் 'திரீ வே' என்று பெயர். வெங்காயமோ சிவப்பு அவரையோ சேர்ந்தால் 'ஃபோர் வே'. இரண்டும் சேர்ந்தால் 'ஃபைவ் வே'. சிறிய, உருண்டையான பிஸ்கட்டுகள் ஒரு கிண்ணத்தில் கூடவே வந்துவிடும்.

2013 ஆம் ஆண்டில் டெட்ஸ்பின் என்ற விளையாட்டு இணையத்தளம் அமெரிக்க மாநிலங்களின் உணவுகளைத் தரவரிசைப்படுத்தியபோது இந்த உணவைக் கடைசி இடத்துக்குத் தள்ளி ஏளனம் செய்தது. நகரமே கொதித்தெழுந்தது. அந்தக் கட்டுரை ஒரு நகைச்சுவைக் கட்டுரை, அதை விட்டுவிடலாம். என்னை எழுதத் தூண்டியது அந்த நகைப்புக்கு அடியில் கிடக்கும் வாதம். 'இது உண்மையான சில்லியே அல்ல' என்பதே அது. டெக்சாஸ் மாநிலத்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். அவர்களைப் பின்பற்றி, டெக்சாஸில் காலடி வைத்திராதவர்களும் சொல்கிறார்கள். சில்லியில் அவரை சேர்ந்தாலே தீட்டு என்று கருதுபவர்களுக்குக் கறுவாவும் ஸ்பகெட்டியும் எப்படிப் பொறுக்கும்?

சரி, அந்த 'உண்மையான' சில்லியின் வரலாறுதான் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மாலை வேளைகளில் விளக்கேற்றி வைத்து, மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள் இந்த உணவை விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று அவர்களை அழைத்தார்கள். பயணிகள் தேடிவந்து உண்டார்கள். 1930 களின் பிற்பகுதியில் நகரத்தின் சுகாதார விதிகள் அந்தத் தெருக்கடைகளின் கதையை முடித்துவைத்தன. நான்கு தசாப்தங்கள் கழித்து, 1977 இல், டெக்சாஸ் சட்டசபை சில்லியைத் தனது மாநிலத்தின் உத்தியோகபூர்வ உணவாகப் பிரகடனம் செய்தது. சமைத்தவர்களைச் சதுக்கத்திலிருந்து அகற்றிவிட்டு, சமைத்த பண்டத்துக்கு முடிசூட்டிய கதை இது. அசல் எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எப்பொழுதும் அடுப்படியில் நின்றவர்களின் கைக்கு வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சின்சினாட்டிக்கு வருவோம். 1922 ஆம் ஆண்டில் ரொம், ஜோன் கிராட்ஜியெஃப் என்ற மசிடோனியச் சகோதரர்கள் இருவர், எம்பிரஸ் என்ற கேளிக்கை அரங்கின் அருகில் ஒரு சிறிய கடையைத் திறந்தார்கள். அரங்கின் பெயரே கடைக்கும் வாய்த்தது. இன்று கிரேக்கத்தின் வட எல்லைக்குள் இருக்கும் ஒரு சிற்றூர் அவர்களது பூர்வீகம். அரைத்த இறைச்சியைக் கறுவாவோடு வேகவைத்து மாவுப் பண்டத்தோடு உண்பது அப்பிரதேசத்துச் சமையலில் புதிதல்ல. அவர்கள் தமது தாய்மாரின் கைப்பக்குவத்தையே கொண்டுவந்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்குப் பழக்கமான 'சில்லி' என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள் என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெயர்சூட்டலை மோசடி என்று சொல்பவர்கள் அந்தக் காலத்தின் காற்று எந்தத் திசையில் வீசியது என்பதை அறியாதவர்கள். கடை திறந்து இரண்டே ஆண்டுகளில், 1924 இல், அமெரிக்கக் காங்கிரஸ் தென் ஐரோப்பியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் தடுத்து நிறுத்தும் நோக்கில் குடிவரவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழ் கிரேக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆண்டுக்கு வெறும் 100. உங்களை வேண்டாம் என்று சட்டம் போட்டுச் சொல்லும் நாட்டில், உங்கள் உணவை உங்கள் மொழியின் பெயரில் விற்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அதற்குப் பின்னர் வந்தவர்களும் வந்தேறிகளே. எம்பிரஸில் வேலை செய்த கிரேக்கரான நிக்கலஸ் லம்பிரினிடிஸ் 1949 இல் ஸ்கைலைன் கடையைத் தொடங்கினார். ஜோர்தான் நாட்டிலிருந்து வந்த தாவூத் சகோதரர்கள் தமது ஹம்பேர்கர் கடையில் சில்லியே அதிகம் விலைபோவதைக் கண்டு 1965 இல் கோல்ட் ஸ்டாரை நிறுவினார்கள். மசிடோனியர், கிரேக்கர், அரபியர் என்று மூன்று சமூகத்தவர்கள் தம்முள் போட்டியிட்டு வளர்த்தெடுத்த ஓர் உணவு, இன்று ஒரு நகரத்தின் அடையாளமாக நிற்கிறது. இது போலி என்றால், அமெரிக்காவில் போலி அல்லாதது எது?

தமிழ் வாசகர்களுக்கு இதை விளங்கிக்கொள்வதில் சிரமம் இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மிளகாய் இல்லாமல் ஒரு கறியைக் கற்பனை செய்ய முடியுமா? அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கேயரின் கப்பல்களில் நமது கரைகளுக்கு வந்து சேர்ந்த பண்டம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமது முன்னோர் அதன் சுவையை அறியார்கள். வந்த புதுப்பண்டத்துக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்? தமக்கு ஏற்கனவே பழக்கமான மிளகின் பெயரையே அதன்மேல் ஏற்றி மிளகாய் என்றார்கள். சின்சினாட்டியின் சகோதரர்கள் 1922 இல் செய்ததும் அதுவே. தெரிந்த பெயருக்குள் தெரியாத சுவையைப் பொதிந்து கொடுத்தார்கள். நமது கறி அசல் என்றால் அவர்களது சில்லியும் அசலே.

சில்லியோடு அந்நகரத்தின் உணவு முடிந்துவிடுவதில்லை. சிக்காகோ அந்த இடத்தைப் பறித்துக்கொள்ளும் வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பன்றியிறைச்சித் தலைநகராக விளங்கியது சின்சினாட்டி. 'போர்க்கோபொலிஸ்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. 1837 இல் அங்கு தோன்றிய புரொக்டர் அன்ட் கேம்பிள் நிறுவனம், இறைச்சித் தொழிலில் மிஞ்சிய கொழுப்பிலிருந்து மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்தே வளர்ந்தது. அந்த இறைச்சிக் கூடங்களைச் சூழ்ந்து வாழ்ந்த ஜேர்மன் குடியேறிகள், மிஞ்சிய இறைச்சித் துண்டுகளோடு வெட்டிய ஓட்ஸைக் கலந்து கட்டியாக்கி, துண்டுபோட்டுப் பொரித்து உண்டார்கள். 'கெட்டா' என்ற அந்த உணவு அப்பிரதேசத்துக்கு வெளியில் அனேகமாகக் கிடைப்பதில்லை. ஒரு சிறு இறைச்சியைக் கொண்டு பெரிய குடும்பத்தின் பசியைத் தணிக்கும் ஏழை வீட்டுக் கணக்கு அது. 1855 இல் திறக்கப்பட்ட பின்ட்லே சந்தையில் இன்றும் அதை வாங்கலாம்.

அந்த ஜேர்மனியர்களும் ஒருகாலத்தில் சந்தேகத்துக்குரியவர்களாக்கப்பட்டார்கள். முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1918 இல், அந்நகரத்தின் ஜேர்மன் தெருப்பெயர்கள் அழிக்கப்பட்டன. பிரெமன் வீதி ஒரே நாளில் ரிப்பப்ளிக் வீதியாகியது. 1920 இல் வந்த மதுவிலக்கு அவர்களது வடிசாலைகளை மூடவைத்தது. பெயர்ப்பலகைகள் போயின, கெட்டா மிஞ்சியது. ஆட்சியாளரால் தெருவின் பெயரை மாற்ற முடிந்தது, காலைச் சாப்பாட்டை மாற்ற முடியவில்லை.

இந்த உணவுகளை நகரத்தின் மேட்டுக்குடியினர் எவ்வாறு பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. சின்சினாட்டியில் மெய்சொனெட் என்ற பிரெஞ்சு உணவகம் இருந்தது. மொபில் பயண வழிகாட்டி தொடர்ந்து 41 ஆண்டுகள் அதற்கு ஐந்து நட்சத்திரங்களை வழங்கி வந்தது. நகரத்தின் பெருமை எது என்று கேட்டால் பிரமுகர்கள் அதைத்தான் கைகாட்டினார்கள். அந்த உணவகம் திறக்கப்பட்டதும் 1949 இல். ஸ்கைலைன் தொடங்கிய அதே ஆண்டில். 2005 இல் மெய்சொனெட் மூடப்பட்டது. ஸ்கைலைன் மூடப்படவில்லை. பாரிஸைப் பார்த்து எழுதிய நகல் மறைந்தது. உள்ளூரவர்கள் உண்ட உணவு நின்றுநிலைத்தது. ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை 2000 ஆம் ஆண்டில் காம்ப் வொஷிங்டன் சில்லி என்ற கடைக்கு அமெரிக்காவின் மரபுச் சின்னங்களுக்கான விருதை வழங்கியபோது, அக்கடை அறுபது ஆண்டுகளாகத் தொழிலாளருக்குச் சோறு போட்டு முடித்திருந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த உணவில் கொழுப்பும் உப்பும் அதிகம். சங்கிலிக் கடைகள் பெருகியதால் ஒரேமாதிரியான தன்மை வந்துவிட்டது என்று கூறுவோரும் உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு நாக்குக்கும் உண்டு. ஆனால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் 'இது இருக்கத் தகுதியற்றது' என்பதும் ஒன்றாகா. முன்னையது ரசனை. பின்னையது அதிகாரம்.

அதேவேளை, சின்சினாட்டியைப் பாராட்டி எழுதுபவர்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு. அண்மைக் காலத்தில் அந்நகரத்தின் 'உணவு மறுமலர்ச்சி' பற்றிப் புகழாரங்கள் குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓவர் த ரைன் என்ற பழைய ஜேர்மன் குடியிருப்பைச் சுற்றியே சுழல்கின்றன. செங்கல் கட்டடங்கள், புதிய உணவகங்கள், அழகான விளக்குகள். அந்தக் கட்டடங்களில் முன்னர் யார் வாழ்ந்தார்கள்? 1950 களின் இறுதியிலும் 60 களிலும் நெடுஞ்சாலைக்காகவும் நகரப் புதுப்பிப்புக்காகவும் அருகிலுள்ள வெஸ்ட் எண்ட் பகுதி இடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 25,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் ஒதுங்கிய இடம் ஓவர் த ரைன். 2001 ஏப்ரலில் அங்கு ஆயுதமற்ற 19 வயது இளைஞர் திமொதி தோமஸைப் பொலிஸ் உத்தியோகத்தர் சுட்டுக்கொன்றதையடுத்து நகரம் பற்றியெரிந்தது. 2003 இல் நகர மையத்தைப் புனரமைப்பதற்கென ஒரு கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 2002 இற்கும் 2015 இற்கும் இடையில் அப்பகுதியின் மிகக் குறைந்த வாடகை வீடுகளில் முக்கால் பங்குக்கு அண்மித்தவை இல்லாமற்போயின.

பல தசாப்தங்கள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு: ஒரு செய்தியில் யாருடைய குரல் இல்லை என்பதை முதலில் பார். உணவக விமர்சனங்களில் சமையற்காரரின் பெயர் இருக்கிறது, திராட்சை மதுவின் பெயர் இருக்கிறது. அந்த வாசலில் நேற்றுவரை குடியிருந்தவரின் பெயர் இல்லை. நல்ல உணவகங்கள் வரவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவற்றைப் பற்றி எழுதுபவர், தட்டில் இருப்பதைச் சுவைத்த பின்னர் சுவரையும் ஒருதடவை பார்க்கட்டும் என்றே கேட்கிறேன்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு 2024 ஐ நினைவூட்ட விரும்புகிறேன். சின்சினாட்டியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவில், அதே ஒஹாயோ மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்கு குடியேறிய ஹெயிட்டி நாட்டவர்கள் அயலவரின் நாய்களையும் பூனைகளையும் உண்கிறார்கள் என்று அவ்வாண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதி ஜனாதிபதி வேட்பாளர் விவாத மேடையில் டொனால்ட் ட்ரம்ப் முழங்கினார். நகர நிர்வாகம் அதற்கு ஆதாரமில்லை என்றது. அவரது சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஆளுநரும் மறுத்தார். ஆனாலும் முப்பதுக்கும் மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்நியனை வெறுக்கத் தூண்டுவதற்கு அவன் தட்டைச் சுட்டிக்காட்டுவதே மிக மலிவான வழி. அவன் உண்பது அசுத்தம், அவன் வீட்டில் நாற்றம், அவன் சமைப்பது உணவே அல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் தொடர்மாடி வீடுகளில் கறி தாளித்ததற்காக முறைப்பாடு கேட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மொழி புதிதல்ல. 'இது உண்மையான சில்லியே அல்ல' என்ற நையாண்டியையும் ஸ்பிரிங்பீல்டின் பொய்யையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒன்று கேலி, மற்றையது கொடுமை. ஆயினும் இரண்டும் ஒரே கேள்வியில் இருந்துதான் புறப்படுகின்றன: யாருடைய சமையல் இந்த நாட்டின் உணவு என்று தீர்மானிப்பவர் யார்?

மசிடோனியச் சகோதரர்கள் கடை திறந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்களது குழம்பை 'எங்கள் பாரம்பரியம்' என்று மார்தட்டுகிற ஒஹாயோ வாக்காளர்களில் எத்தனை பேர் 2024 நவம்பரில் வாக்களிக்கச் செல்கையில் அந்தக் குழம்பு எந்தத் துறைமுகத்தினூடாக வந்தது என்பதை எண்ணிப் பார்த்தார்கள்? உணவைச் சுவீகரித்துக்கொண்டு சமைத்தவனைத் துரத்தும் வித்தையைச் சான் அன்டோனியோவும் அறிந்திருந்தது, ஓவர் த ரைனும் அறிந்திருக்கிறது. ஸ்பிரிங்பீல்டின் ஹெயிட்டியர்கள் அடுப்பில் இன்று வேகும் சோறும் அவரையும் இன்னும் ஐம்பது ஆண்டுகளில் ஒஹாயோவின் பெருமைக்குரிய உணவாக மாறக்கூடும். அப்பொழுது அதைச் சமைப்பதற்கு அவர்களது பேரப்பிள்ளைகள் அங்கு இருக்க அனுமதிக்கப்படுவார்களா என்பதே விடை தெரியவேண்டிய கேள்வி.