டுசல்டார்ஃப் லாரிக்காரரின் மகள்

1986 ஆகஸ்ட் 16. இங்கிலாந்தின் டானிங்டன் பந்தயத் திடலில் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ விழா. ஓஸி ஆஸ்போர்ன், ஸ்கார்பியன்ஸ், டெஃப் லெப்பர்ட், மோட்டார்ஹெட் என்று அன்றைய நிரலில் இருந்தவை எல்லாம் பெரிய பெயர்கள். கார் விபத்தில் ஒரு கையை இழந்த டிரம்மர் ரிக் ஆலன், டெஃப் லெப்பர்டோடு மேடையேறி வாசித்ததைத்தான் அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்பே, கூட்டம் வந்து சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், வார்லாக் என்ற ஜெர்மன் குழு விழாவைத் தொடங்கிவைத்திருந்தது. அதன் முன்னணியில் நின்று பாடிய பெண்ணுக்கு வயது 22. பெயர் டோரோ பெஷ். 1980 முதல் நடந்துவந்த அந்த விழாவில் ஒரு மெட்டல் குழுவை முன்நின்று நடத்திய முதல் பெண் அவர்தான்.

அன்று பாடியவர்களில் மோட்டார்ஹெட்டின் லெம்மி 2015-இல் போய்விட்டார். ஓஸி 2025-இல் போனார். டோரோ அறுபதைத் தாண்டியும் மேடையில் இருக்கிறார்.

ராக் பத்திரிகைகள் அவருக்கு ‘மெட்டல் ராணி’ என்று பட்டம் கட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தலைப்புக்கு அது வசதியான பட்டம். ஆனால் அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் அரண்மனை எதுவும் தட்டுப்படுவதில்லை. சுற்றுப்பயணப் பேருந்து, ஒத்திகை அறை, வழக்குக் காகிதம், கைமாறிக்கொண்டே இருந்த ஒலிப்பதிவு நிறுவனங்கள் என்று எல்லாம் வேலை சம்பந்தப்பட்டவை. ஒரு தொழிலாளிக்கு உள்ள பிடிவாதம்தான் இவரை நாற்பது ஆண்டுக்கு மேல் நிறுத்தி வைத்திருக்கிறது.

டோரோதே பெஷ் பிறந்தது 1964 ஜூன் 3, மேற்கு ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில். அப்பா வால்டர் பெஷ் லாரி ஓட்டுநர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ரைன் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு இசையில் தனி வரலாறு உண்டு. மின்னணு இசையின் முன்னோடிகளான கிராஃப்ட்வெர்க் இங்கிருந்துதான் புறப்பட்டார்கள். பங்க் குழுவான டி டோட்டன் ஹோஸன் இங்கேதான் 1982-இல் உருவானது. பக்கத்து ஊரான சோலிங்கனில் அக்செப்ட் என்ற மெட்டல் குழு ஏற்கெனவே பெயரெடுத்துக்கொண்டிருந்தது. டோரோவுக்குப் பிள்ளைப் பருவத்தில் மனசில் விழுந்த முதல் பாட்டு லிட்டில் ரிச்சர்டின் ‘லுசில்’. மூன்று வயதில் கேட்டது என்று பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். லிட்டில் ரிச்சர்டின் தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பாணிக்கும் இவருடைய பிற்காலக் குரலுக்கும் உறவு இல்லை என்று சொல்ல முடியாது.

பதின்பருவத்தில் கடுமையான காசநோய் வந்து உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். பிழைத்து எழுந்த பெண், 1980-இல் ‘ஸ்னேக்பைட்’ என்ற உள்ளூர்க் குழுவில் பாடத் தொடங்கினார். நுரையீரல் நோயிலிருந்து மீண்டவர் மூச்சையே மூலதனமாகக் கேட்கும் தொழிலைத் தேர்ந்தெடுத்ததை மருத்துவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்களோ! பகலில் வரைகலை வேலை, இரவில் ஒத்திகை. அந்தக் காலத்து மெட்டல் குழுக்களில் பெரும்பாலோர் இப்படித்தான் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள்.

1982-இல் வார்லாக் பிறந்தது. முதல் ஆல்பமான ‘பர்னிங் தி விட்சஸ்’ 1984-இல் மாசோலியம் என்ற சிறிய பெல்ஜிய நிறுவனத்தின் வழியே வந்தது. செலவு பார்த்துச் செய்த ஒலிப்பதிவு என்பது கேட்டாலே தெரியும். ஆனால் அதில் இருந்த குரல் பெரிய நிறுவனங்களின் காதுக்கு எட்டியது. அடுத்த ஆண்டே ‘ஹெல்பவுண்ட்’ ஆல்பத்தை வெர்டிகோ நிறுவனம் வெளியிட்டது. 1986-இல் ‘ட்ரூ ஆஸ் ஸ்டீல்’. அதே ஆண்டு டானிங்டன். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு அழைப்பு வந்தபோது வரைகலை வேலையை விட்டுவிட்டார்.

அவருடைய குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிற்கால மெட்டல் பாடகியர் சிலரிடம் கேட்கும் ஓப்பரா உயரம் அதில் இல்லை. உறுமலும் இல்லை. நடுத்தாயியில் கரகரப்போடு எழும்பி, மேலே போகும்போது விளிம்பில் லேசாக உடையும் குரல். அந்த உடைசலை மறைக்க அவர் முயன்றதே இல்லை. வேகப் பாட்டில் அது கோபமாகக் கேட்கும், மெதுவான பாட்டில் அதுவே ஏக்கமாகக் கேட்கும்.

1987-இல் வந்த ‘ட்ரையம்ஃப் அண்ட் அகனி’ நியூயார்க்கில் உருவானது. ஜோயி பாலின் என்ற அமெரிக்கர் டோரோவோடு சேர்ந்து பாடல்களை எழுதித் தயாரிப்பையும் கவனித்தார். ரெயின்போ, பிளாக் சப்பாத் குழுக்களில் வாசித்த புகழ்பெற்ற டிரம்மர் கோஸி பவல் சில பாட்டுகளுக்கு வாசித்துக் கொடுத்தார். இந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் இன்றுவரை டோரோவைச் சுமந்துகொண்டு போகின்றன. ஒன்று ‘ஆல் வி ஆர்’. பல்லவியைக் கூட்டம் பாடுவதற்கென்றே கட்டிய பாட்டு. மற்றது ‘ஃப்யூர் இம்மர்’. ஆங்கிலத்தில் பாடினால்தான் வெளிநாட்டுச் சந்தை என்று பெரும்பாலான ஜெர்மன் மெட்டல் குழுக்கள் நம்பிய காலத்தில், தாய்மொழியில் பாடிய காதல் பாட்டு. எந்த நாட்டில் பாடினாலும் கூட்டம் அதை ஜெர்மனிலேயே கூடப் பாடுகிறது.

1988-இல் மெகாடெத் குழுவோடு அமெரிக்காவைச் சுற்றினார்கள். வெற்றிப் படிக்கட்டு என்று வெளியே தெரிந்த அதே நேரத்தில் உள்ளே குழு கரைந்துகொண்டிருந்தது. பழைய ஜெர்மன் கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகி அமெரிக்க வாத்தியக்காரர்கள் வந்தார்கள். பிறகு இடி விழுந்தது. முன்னாள் மேலாளரோடு நடந்த வழக்கில், வார்லாக் என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை டோரோவின் கையைவிட்டுப் போனது.

இசைத் தொழிலில் ஒரு குழுவின் பெயர் வணிகச் சின்னம். பாடியவர் யார், பாட்டு எழுதியவர் யார் என்பதைச் சட்டம் தனியாகப் பார்க்கும், பெயர் யாருடைய பிடியில் இருக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்கும். அந்தக் காலத்தில் ரசிகருக்குச் செய்தி போக மூன்று வழிகள்தான்: சுவரொட்டி, பத்திரிகை, ரெக்கார்டு கடையின் அடுக்கு. ஐந்தாறு ஆண்டுகளாக வார்லாக் என்று எழுதிய அடுக்கில் தேடிய ரசிகர் இனி வேறு எழுத்தில் தேட வேண்டும். 1989-இல் ‘ஃபோர்ஸ் மஜூர்’ ஆல்பம் டோரோ என்ற பெயரில் வந்தது. பெயரை அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் வழக்குப் போட்டுப் பறிக்க முடியாத பெயர் அது ஒன்றுதான்.

அடுத்த பத்தாண்டில் ஆளாளுக்கு அவரை ஒவ்வொரு மாதிரி ஆக்கிப் பார்த்தார்கள். 1990-இல் கிஸ் குழுவின் ஜீன் சிமன்ஸ் அவருடைய ஆல்பத்தின் தயாரிப்பை ஏற்றார். 1991-இல் ‘ட்ரூ அட் ஹார்ட்’ ஆல்பத்துக்காக நாஷ்வில்லுக்குப் போனார். ‘கன்ட்ரி’ இசையின் தலைநகரில் பதிவான ஆல்பம் என்பதால் மெட்டல் சத்தம் குறைந்து மெல்லிசை கூடியது. அதே ஆண்டில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து அமெரிக்க ராக் சந்தையைத் தலைகீழாக்கியது. எண்பதுகளின் மெட்டல் பாடகர்களுக்கு அங்கே கதவு அடைபட்டது. டோரோவுக்கும் அடைபட்டது.

ஜெர்மனி அடைக்கவில்லை. 1993-இல் வந்த ‘ஏஞ்சல்ஸ் நெவர் டை’ ஆல்பத்தில் ‘பேட் பிளட்’ என்ற பாட்டு இனவெறியைப் பற்றியது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் மீது தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பேரைக் கொன்றார்கள். அவர் வளர்ந்த ஊருக்கு அருகிலேயே நடந்த கொடுமை.

சந்தை சுருங்கிய ஆண்டுகளில் அவர் செய்தது பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாடினார். பேஸ் கிட்டார் வாசித்த நிக் டக்ளஸ் 1990-இல் வந்து சேர்ந்தார், டிரம்மர் ஜானி டீ 1993-இல் வந்தார். இருவரும் பல பத்தாண்டுகள் கூடவே நின்றார்கள். வார்லாக் இருந்த ஏழெட்டு ஆண்டில் வந்து போனவர்களை எண்ணிப் பார்த்தால், தனிப் பாடகியாக ஆன பிறகுதான் அவருக்கு ஒரு நிலையான குழு அமைந்தது என்று சொல்லலாம்.

2000-இல் வந்த ‘காலிங் தி வைல்ட்’ ஆல்பத்தில் லெம்மியோடு சேர்ந்து பாடினார். இரண்டு கரகரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் ‘லவ் மீ ஃபாரெவர்’ அதில்தான் இருக்கிறது. மோட்டார்ஹெட்டின் பழைய பாட்டுத்தான், ஆனால் இங்கே அது இரண்டு வயதானவர்களின் உரையாடல் மாதிரி ஆகிவிடுகிறது. 2002-இல் ‘ஃபைட்’ ஆல்பத்தில் டைப் ஓ நெகட்டிவ் குழுவின் பீட்டர் ஸ்டீல். 2004-இல் ‘கிளாசிக் டைமண்ட்ஸ்’ என்று பழைய பாட்டுகளைச் சேர்ந்திசைக் குழுவோடு பாடிய ஆல்பம். அதில் ஜூடாஸ் பிரீஸ்டின் ‘பிரேக்கிங் தி லா’ பாட்டை வேகத்தைக் குறைத்து, அக்செப்டின் உடோ டிர்க்‌ஷ்னைடரோடு சேர்ந்து பாடியிருக்கிறார்.

குறையும் சொல்ல வேண்டும். ‘போர்வீரர்’, ‘எஃகு’, ‘என்றென்றும்’ ஆகிய மூன்று சொற்களையும் பறித்துக்கொண்டால் டோரோவின் பாட்டுகளில் பாதி வாயடைத்துப் போகும். நாற்பது ஆண்டாக ஏறக்குறைய ஒரே சேதி: ஒற்றுமையாக நில், தலை குனியாதே. 2018-இல் வந்த இரட்டை ஆல்பத்தின் தலைப்பே ‘ஃபாரெவர் வாரியர்ஸ், ஃபாரெவர் யுனைடெட்’. விமர்சகர்களுக்கு அலுப்புத் தட்டியதில் வியப்பில்லை. ஆனால் இந்தப் பாட்டுகள் அறையில் உட்கார்ந்து கேட்க எழுதியவை அல்ல. வட ஜெர்மனியின் வாக்கன் கிராமத்துத் திறந்தவெளி விழாவில் பல நாட்டுக்காரர்கள், பாதிப்பேர் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள், சேற்றில் நின்று ஒரே குரலில் கத்துவதற்கான வரிகள் அவை. அந்த விழாவுக்கு 2009-இல் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி ஒரு பாட்டு வேண்டியிருந்தபோது, ‘வி ஆர் தி மெட்டல்ஹெட்ஸ்’ வந்தது டோரோவிடமிருந்துதான்.

பெண் என்ற கேள்விக்கு வருவோம். எண்பதுகளின் மெட்டல் மேடையில் அவர் மட்டும் பெண் இல்லை. இங்கிலாந்தில் கேர்ள்ஸ்கூல் குழுவினர் இருந்தார்கள், கனடாவில் லீ ஆரன், அமெரிக்காவில் லீட்டா ஃபோர்டு. ஆனால் ஆண்கள் மட்டுமே நிறைந்த குழுவுக்கு முன்னால் ஒரு பெண் நின்று பாடுவது இன்று சாதாரணமாக இருப்பதற்கு டோரோ ஒரு முக்கியக் காரணம். பின்னால் வந்தவர்களும் அதை அறிவார்கள். 2008-இல் ‘செலிபிரேட்’ பாட்டின் ஒரு வடிவத்தை ஆர்ச் எனிமியின் ஆஞ்சலா கோஸோ, ஹோலி மோசஸின் சபீனா கிளாஸன், அப்போது ஆஃப்டர் ஃபாரெவரில் இருந்த ஃப்ளோர் யான்சன், கேர்ள்ஸ்கூல் பெண்கள் என்று பலரையும் சேர்த்துக்கொண்டு பாடினார். மறு ஆண்டு ஃபின்லாந்துப் பாடகி தார்யா டுருனனோடு இணைந்து பாடினார். ஜெர்மன் குத்துச்சண்டை வீராங்கனை ரெகினா ஹால்மிஷுக்காக ‘ஷீஸ் லைக் தண்டர்’ பாட்டை எழுதி, அவர் களமிறங்கும்போது நேரில் பாடியதும் உண்டு.

டோரோ திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. ஏன் என்று பேட்டியில் கேட்காதவர்கள் குறைவு. இசைதான் வாழ்க்கை, ரசிகர்கள்தான் குடும்பம் என்று சலிக்காமல் அதே பதிலைச் சொல்கிறார். லெம்மியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்தான். அவர் விஷயத்தில் அது ராக் நட்சத்திரத்தின் சுதந்திரம் என்று எழுதப்பட்டது.

மெட்டல் உலகின் சீருடையான தோல் உடையையும் விலங்குகள் மீதான அக்கறையால் டோரோ விட்டுவிட்டார். மேடையில் அவர் அணிவது செயற்கைத் தோல். பின்வரிசையிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

வார்லாக் பெயரைப் பயன்படுத்தும் உரிமை இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 2010-களின் தொடக்கத்தில் திரும்ப அவர் கைக்கு வந்தது. அதை வைத்துப் பழைய குழுவை உயிர்ப்பித்து ஊரூராகக் காசு பார்த்திருக்கலாம். டோரோ என்ற பெயரிலேயே தொடர்ந்தார். ‘ட்ரையம்ஃப் அண்ட் அகனி’க்கு முப்பது ஆண்டு நிறைந்தபோது மட்டும், அந்தக் காலத்துக் கிட்டார்காரர் டாமி போலனையும் அழைத்துக்கொண்டு முழு ஆல்பத்தையும் மேடைகளில் வாசித்தார். 2020-இல் கொரோனா முடக்கத்தில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது கார்த் திரையரங்கில் பாடினார். கைத்தட்டலுக்குப் பதில் ஹாரன் சத்தம்.

2023 அக்டோபரில் ‘கான்கரஸ்’ ஆல்பம் வந்தது. 1986-இல் யாருடைய சுற்றுப்பயணத்தில் முன்குழுவாகப் போனாரோ, அந்த ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபர்டு இதில் இரண்டு பாட்டுகளில் கூடப் பாடுகிறார்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் புது ஆல்பத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் ‘பர்னிங் தி விட்சஸ்’ தலைப்புப் பாட்டு, ஒலிப்பதிவின் கரடுமுரடோடு. அடுத்து ‘ஆல் வி ஆர்’, ஆனால் ஸ்டுடியோ வடிவம் அல்ல, ஏதாவது ஒரு மேடைப் பதிவு. பிறகு லெம்மியோடு பாடிய ‘லவ் மீ ஃபாரெவர்’. மூன்றும் பிடிக்கவில்லை என்றால் மீதியைத் தேட வேண்டியதில்லை. பிடித்துவிட்டால் இன்னும் ஒரு பெரிய அடுக்கே காத்திருக்கிறது, அதில் ‘ஃப்யூர் இம்மர்’ எங்கே வருகிறது என்று ஜெர்மன் தெரியாமலே கண்டுபிடித்துவிடலாம்.