வீடியோவில் நோட்டரி: பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

நோட்டரி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது கோர்ட் பக்கத்தில் ஒரு மேஜை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப், வட்டமாக ஒரு சீல். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்போது அந்த மேஜையே தேவையில்லை. லேப்டாப்பைத் திறந்து, அடையாள அட்டையைக் கேமராவில் காட்டி, மின்னணுக் கையெழுத்துப் போட்டால், மறுமுனையில் இருக்கும் நோட்டரி தன்னுடைய மின்னணு முத்திரையை வைத்துவிடுவார். வீட்டுக்கடன் பத்திரம், பவர் பத்திரம், பிரமாண வாக்குமூலம் எல்லாமே இப்படி நடக்கிறது.

முதலில் இறங்கியது வர்ஜீனியா மாநிலம். 2011-ல் சட்டம் போட்டு 2012 ஜூலை முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நோட்டரி வர்ஜீனியாவுக்குள் இருந்தால் போதும், கையெழுத்துப் போடுகிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி! மற்ற மாநிலங்கள் ரொம்ப நாள் வேடிக்கைதான் பார்த்தன. 2020-ல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்த பிறகு அவசர உத்தரவுகள், அப்புறம் நிரந்தரச் சட்டங்கள் என்று வரிசை கட்டி வந்தார்கள். கலிபோர்னியா மட்டும் 2023-ல் சட்டம் இயற்றியும் முழுதாக நடைமுறைப்படுத்த 2030 ஜனவரி 1 வரை அவகாசம் வைத்துக்கொண்டது. கணினித் தொழிலுக்கே பேர்போன மாநிலம் இதில் இவ்வளவு தயங்குவது வேடிக்கைதான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் சௌகரியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அலைச்சல் மிச்சம், நேரம் மிச்சம். உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நோட்டரியின் வேலை என்ன? பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மை என்று அவர் சொல்வதில்லை (பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்). கையெழுத்துப் போடுகிறவர் இன்னார்தான், அவர் தன் சொந்த விருப்பத்தில் போடுகிறார், இந்த இரண்டைத்தான் அவர் பார்க்க வேண்டும். முதலாவதை வீடியோ ஓரளவு நன்றாகவே செய்கிறது. இரண்டாவதில்தான் சிக்கல்.

அந்த முதலாவதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஃப்ளோரிடா சட்டப்படி ஆளைச் சரிபார்க்கும் ஒரு வழி, கேள்வி கேட்பது. குறைந்தது ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து விடைகள் கொடுத்திருப்பார்கள், இரண்டு நிமிடத்துக்குள் 80 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும். பழைய முகவரி, எந்த வங்கியில் கடன் வாங்கினார் என்பது மாதிரிக் கேள்விகள். வெளியாள் ஒருவனுக்கு இது கஷ்டம்தான். ஆனால் 2017-ல் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போனபோது இந்த மாதிரி விடைகளில் பாதி ரகசியமாகவே இல்லாமல் போய்விட்டது. அதை விடுங்கள். வயதான அம்மாவின் பழைய முகவரியும் கடன் கணக்கும் யாருக்கு நன்றாகத் தெரியும்? பெற்ற பிள்ளைக்கு! சொத்தை எழுதி வாங்க நினைப்பவன் எப்போதும் முகமூடி போட்ட திருடனாக இருப்பதில்லை.

ஃப்ளோரிடாவில் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்பதுதான் சந்தோஷமான விஷயம். உயில், பவர் பத்திரம் போன்றவற்றுக்கு வீடியோ வழியே சாட்சி வைக்கும்போது சில கேள்விகளைக் கட்டாயம் கேட்கச் சொல்கிறது அந்தச் சட்டம். அன்றாடக் காரியங்களுக்கு அடுத்தவர் உதவி தேவைப்படுகிறதா? இந்த வீடியோ இணைப்பை ஏற்படுத்த உதவியவர் யார்? பத்திரத்தைத் தயாரிக்க உதவியவர் யார்? இப்போது உங்களோடு அறையில் யார் இருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் சாட்சிகள் நேரில்தான் இருக்க வேண்டும்.

நல்ல கேள்விகள். ஆனால் மிரட்டப்படுகிற ஒருவர் இவற்றுக்கு உண்மையான பதில் சொல்வாரா? கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் மகன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது "யாரும் இல்லை" என்றுதான் வரும். நேரில் பார்க்கும் நோட்டரி, மனசாட்சி உள்ளவராக இருந்தால், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசலாம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் அது முடியாது.

சரி, நேரில் நடப்பது மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1952-ம் வருட நோட்டரி சட்டத்தின்படி, பத்து வருடம் (பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஏழு வருடம்) வக்கீலாக இருந்தவர்தான் சாதாரணமாக நோட்டரி ஆக முடியும். தகுதிக்குக் குறைவில்லை. ஆனால் ஆளே வராமல் காகிதம் மட்டும் போய் முத்திரையோடு திரும்பி வருவது ஊரறிந்த விஷயம். அதோடு ஒப்பிட்டால் வீடியோ முறையில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது: நடந்ததெல்லாம் பதிவாகிறது. ஃப்ளோரிடாவில் அந்தப் பதிவைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிபதி அந்த முகத்தைப் பார்க்கலாம், குரல் தடுமாறியதா என்று கேட்கலாம். ரப்பர் ஸ்டாம்ப்பிடம் இதையெல்லாம் கேட்க முடியுமா?

இந்தியாவில் இப்போதைக்குப் பவர் பத்திரமும் உயிலும் காகிதத்தில்தான். 2000-ம் வருட தகவல் தொழில்நுட்பச் சட்டம் இவற்றைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. 2022-ல் ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கு மட்டும் விலக்கு வந்தது, உயில் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் பத்திரப் பதிவுக்காகப் பவர் கொடுப்பதானால் நோட்டரி, நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி போன்றவர் முன்பாகக் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1908-ம் வருடப் பதிவுச் சட்டம். அந்த "முன்பாக" என்ற வார்த்தைக்குள் வீடியோவும் அடங்குமா என்பதுதான் இனி வரப்போகும் சண்டை.

இந்தச் சண்டையில் எல்லாப் பத்திரத்தையும் ஒரே தராசில் வைப்பது தப்பு. நியூஜெர்சியில் இருக்கும் மகன், தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவுக்குப் பவர் கொடுக்கிறான் என்றால் வீடியோ தாராளமாகப் போதும். அதே அப்பா மகனுக்குக் கொடுக்கிறார் என்றால் கதை வேறு. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவர்களைக் கைவிடுவது எவ்வளவு சகஜமாகிவிட்டது என்பதற்கு 2007-ம் வருட பெற்றோர் பராமரிப்புச் சட்டமே சாட்சி. பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்க அதில் தனிப் பிரிவே வைக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் 2020-ல் உயிலுக்கு வீடியோ சாட்சியை அனுமதித்தார்கள், 2024 ஜனவரியோடு அந்த அனுமதி முடிந்தது, நீட்டிக்கவில்லை.

முதியவர் நடக்க முடியாமல் படுத்திருக்கிறார், அவரை எப்படி அழைத்து வருவது என்பார்கள். அழைத்து வரவே வேண்டாம். தகுந்த காரணம் இருந்தால் பதிவு அதிகாரியே வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அதே 1908-ம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப் போகும் அதிகாரி கையோடு ஒரு கேமராவையும் எடுத்துக்கொண்டு போகட்டும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த அங்கே ஒரு ஆள் இருப்பார்.