அக்டோபர் பேக்கேஜும் நர்சம்மாவின் விரல்களும்

அக்டோபர் பிறந்தால் போதும், பிங்க் ரிப்பன் கட்டிய விளம்பரங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. முப்பது வயதைத் தாண்டிவிட்டீர்களா, உடனே மாமோகிராம் எடுங்கள், இந்த மாதம் மட்டும் பாதி விலை! தீபாவளி ஜவுளிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நான் பி.காம் படிக்கிறவன், டாக்டர் இல்லை. ஆனால் தள்ளுபடி என்று எவனாவது சொன்னால் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

(ஆம்பளைப் பையன் எழுதுற விஷயமா இது என்று முகம் சுளிப்பவர்களுக்கு: இந்த முகச் சுளிப்பினால்தான் எங்கள் ஊரில் பெண்கள் கட்டியை மாதக்கணக்கில் முந்தானைக்குள் மறைத்து வைக்கிறார்கள். மேலே படிக்கவும்.)

முதலில் மாமோகிராம். அது மோசம் என்று நான் சொல்லவில்லை. 2012-ல் பிரிட்டனில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்றது. விளம்பரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே குழு சொன்ன இன்னொன்று: ஒரு உயிர் காப்பாற்றப்படும் இடத்தில் சுமார் மூன்று பெண்கள், விட்டிருந்தால் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத கட்டிக்காக வைத்தியம் செய்துகொள்கிறார்கள். வரவு ஒன்று, செலவு மூன்று. உயிர் என்பதால் அந்த வரவு பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவுப் பக்கத்தையே கிழித்துவிட்டு பேலன்ஸ் ஷீட் காட்டுவதற்கு என்ன பெயர்?

அதிலும் முப்பது வயது! அமெரிக்காவிலேயே 2024-ல் அரசு நிபுணர் குழு சொன்னது 40 முதல் 74 வயதுவரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் கதை வேறு, அவர்கள் டாக்டரிடம் கேட்கட்டும். மற்றவர்களுக்கு இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை. தெர்மோகிராஃபி என்று வெப்பப் படம் எடுத்துக் கொடுப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். அது மாமோகிராமுக்கு மாற்று இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2019-லேயே எச்சரித்துவிட்டது.

"சரிப்பா, செலவே வேண்டாம், குளிக்கும்போது அவங்களே தொட்டுப் பார்த்துக்கட்டும்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதையும் பார்த்தாகிவிட்டது. சீனாவின் ஷாங்காயில் ஜவுளி மில்களில் வேலை செய்த 2,66,064 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுய பரிசோதனை சொல்லிக் கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. கற்றுக்கொண்டவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர், கற்றுக்கொள்ளாதவர்களில் 131 பேர். கூடுதலாக நடந்தது, ஒன்றுமில்லாத கட்டிகளுக்கு பயாப்ஸி. மாற்றம் தெரிந்தால் உடனே போய்க் காட்டு என்று சொல்வது நல்லதுதான். அதையே பரிசோதனைத் திட்டம் என்று சொல்லிக் கைகழுவுவதுதான் தப்பு.

இனி நம் நாட்டுக் கதை. இதைத்தான் எவனும் ஃபார்வர்டு செய்வதில்லை.

மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்தது. 35 முதல் 64 வயதுவரை ஒன்றரை லட்சம் பெண்கள், பெரும்பாலும் குடிசைப் பகுதிகளில். ஒரு பாதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்று. பரிசோதித்தது டாக்டர்கள் கிடையாது, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள். கருவி, அவர்கள் விரல்கள். 2021-ல் பி.எம்.ஜே இதழில் வந்த முடிவு: முற்றிய நிலையில் (மூன்றாம், நான்காம் கட்டம்) கண்டுபிடிக்கப்பட்டவை மற்ற பாதியில் 47 சதவீதம், இங்கே 37. ஐம்பது தாண்டிய பெண்களிடம் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்தால் குறைவு 15 சதவீதம்தான், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பது புள்ளியியல் தீர்ப்பு. ஐம்பதுக்குக் கீழே நிரூபணமாகவில்லை. இதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நான் பேக்கேஜ் விற்கவில்லை :-)

கனடாவிலும் 90,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 50 தாண்டியவர்களில் ஒரு பாதிக்கு வருடாவருடம் கையால் மட்டும் பரிசோதனை, மறுபாதிக்கு அதோடு மாமோகிராமும். 25 வருடம் கழித்து 2014-ல் பார்த்தால் மரணத்தில் வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வின் மேல் சண்டை இன்னும் ஓயவில்லை என்பது உண்மை. ஆனாலும் நல்ல கை என்ன செய்யும் என்று அது காட்டுகிறது.

இப்போது டி. கல்லுப்பட்டிக்கு வாருங்கள். பருத்தி எடுக்கப் போகும் அக்கா மாமோகிராமுக்கு திருமங்கலம் தாண்டி மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. படம் சந்தேகம் என்றால் இன்னொரு நாள், பயாப்ஸிக்கு இன்னொரு நாள். நர்சம்மாவோ தெருவுக்கே வருகிறார்.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் கையால் பரிசோதிப்பதைத்தான் சொல்கிறது, 30 முதல் 65 வயதுவரை. சபாஷ். ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? ஐந்து! மும்பையில் பலன் தந்தது இரண்டு. ஆண்டுத் தணிக்கையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொண்டு மோசடி பிடிபடவில்லை என்று அழுதால் எப்படி? அதுவாவது நடக்கிறதா என்றால், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நாடு முழுக்க 0.9 சதவீதம். தமிழ்நாடு இதைவிட மேல்தான், ஆனால் பத்தில் ஒருத்தி கூடக் கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறது. அந்த வாசலிலேயே ஐம்பது தாண்டிய அம்மாக்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு திரை போட்ட அறையில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

கட்டி தெரிந்தபின் 60 நாளுக்குள் நோய் என்ன என்று முடிவாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 திட்டம். கேம்ப் போட்டு, போட்டோ எடுத்து, பேனரைச் சுருட்டிக்கொண்டு போகும் நண்பர்களே, நீங்கள் சீட்டு எழுதி அனுப்பும் அந்த அக்காவோடு இராஜாஜி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறப்போவது யார் என்று பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கேம்ப்பைப் போடுங்கள்.