கரி படிந்த கையும் கறை படியாத சொல்லும்



வேலை கொடுப்பவர் தம் கண்ணால் காண இயலாத இடத்தில் செய்யப்படும் தொழில்கள் சில உண்டு. குளிர்நாட்டு இல்லங்களின் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழில் அவற்றுள் ஒன்று. வெயிலில் வாழும் நமக்குக் கூடத்தில் கணப்பு மூட்டிக் குளிர்காயும் வாழ்க்கை புதிதாகத் தோன்றலாம். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்பவரும் அதற்குக் கூலி கொடுப்பவரும் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவது என்னும் கேள்வி எந்நாட்டாருக்கும் பொதுவானது. ஆகவே, இம்மாதம் அத்தொழிலாளரைச் சற்று நோக்குவோம்.

விறகுப் புகை மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கரியாகவும் கீல் போன்ற பிசினாகவும் படிகின்றது. ஈர விறகை எரித்தால் இப்படிவு பெருகும். எனவேதான், விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பர். படிவு திரண்டபின் ஒரு பொறி பற்றினால் போதும், புகைபோக்கி உலைக்களமாகிவிடும், அதன் வெப்பம் 1000 பாகை செல்சியசையும் எட்டக்கூடும். பறவைக் கூடு வழியை அடைத்துக்கொண்டாலோ, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளி வீட்டுக்குள் திரும்பி, உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும்.

வீட்டுக்கு வரும் துப்புரவாளர் முதலில் தரையில் விரிப்பு விரிக்கிறார். கணப்பின் வாயை மூடுகிறார். வளையும் கோல்களை ஒன்றோடொன்று பொருத்தித் தூரிகையை மேலே செலுத்துகிறார். உச்சியில் தூரிகை தலைகாட்டுகிறதா என்று பார்த்துவர வீட்டாரை வெளியே அனுப்புவதும் உண்டு. பின்னர்ப் புகையோட்டத்தைச் சோதித்துச் சான்றிதழ் எழுதித் தருகிறார். வீட்டுக் காப்பீடு செய்வோர் அச்சான்றிதழைக் கேட்பதுண்டு.

வேலை இவ்வளவே. ஆனால், கரியைச் சமாளிப்பதினும் மனிதரைச் சமாளிப்பது கடினம். கோடையில் அழைப்பார் இல்லை. முதற்குளிர் வந்ததும் ஊரே ஒருசேர அழைக்கின்றது. நாள் குறித்துவிட்டு வீட்டைப் பூட்டிச் செல்வோர் உண்டு. பேசிய கூலியை வேலை முடிந்தபின் குறைப்போர் உண்டு. பழைய கறையைக் காட்டி, "நீர்தாம் கம்பளத்தைக் கெடுத்தீர்" என்போரும் உண்டு. ஈர விறகை எரித்துவிட்டு, புகை சூழ்ந்தால் துப்புரவாளரைக் குறைகூறுவோரும் உண்டு.

இவர்களோடு வாதாடுவதால் பயனில்லை என்பதை அனுபவமுள்ள தொழிலாளர் அறிவர். கூலியை முன்னரே எழுத்தில் தெரிவித்துவிடுகின்றனர். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்கின்றனர். சினம் தணியும்வரை செவிமடுத்து, பிறகே மறுமொழி கூறுகின்றனர். விறகின் ஈரத்தை அளக்கும் கருவியை வீட்டாரின் கையிலேயே கொடுத்து, அவர்களையே அளக்கச் செய்கின்றனர். தாமே கண்ட உண்மையை மறுப்போர் சிலரே.

வாடிக்கையாளரின் ஐயத்திற்கும் காரணமில்லாமலில்லை. மிகக் குறைந்த கூலிக்கு வருவதாக விளம்பரம் செய்து, உள்ளே வந்தபின் இல்லாத வெடிப்பைச் சொல்லி அச்சுறுத்தி, பெருந்தொகை பறிக்கும் வஞ்சகரைக் குறித்து அமெரிக்காவில் எச்சரிக்கைகள் விடுக்கப்படுவதுண்டு. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்து வரும் நல்லவரையும் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தை நீக்கச் சிறு ஒளிப்படக் கருவியைப் புகைபோக்கிக்குள் செலுத்தி, பழுதை வீட்டாருக்கே காட்டுவது இன்று பலருடைய வழக்கமாகிவிட்டது.

அனைத்திலும் கடுமையான சோதனை வேறொன்று உண்டு. "பழுது இருக்கட்டும்; சான்றிதழில் மட்டும் ஒப்பமிட்டுத் தாரும். சென்ற ஆண்டு வந்தவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்கும் வாடிக்கையாளர் கொண்டுவரும் சோதனை அது. ஒப்பமிட்டால் கூலி கிடைக்கும். அடுத்த ஆண்டும் அழைப்பு வரும். மறுத்தால் அவ்வீட்டை இழக்க நேரிடும். ஆனால், அவ்வறையில் இரவு உறங்கப்போகும் குழந்தைகளை எண்ணுபவர் எவ்வாறு ஒப்பமிடுவார்?

வாடிக்கையாளர் விரும்பியதையெல்லாம் செய்து கொடுத்தால் விளைவு யாதாகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறே சான்று. அங்கே ஏழைச் சிறுவர் 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமுமே உள்ள புகைவழிகளில் ஏறிக் கரியைச் சுரண்டினர். இத்தொழிலாளருக்கு ஏற்படும் புற்றுநோயைக் குறித்துப் பெர்சிவல் பாட் என்னும் லண்டன் அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதினார். ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் 1803-ல் சிறுவருக்கு மாற்றாகத் துப்புரவுக் கருவியொன்றை அமைத்தார். 21 வயது நிரம்பாதோர் ஏறலாகாது என 1840-ல் சட்டம் தடுத்தது. இருந்தும் கொடுமை ஓயவில்லை. ஏன்? கருவியால் அறை அழுக்காகும் என்றும், வளைந்த புகைவழிகளைத் திருத்தச் செலவாகும் என்றும் சொல்லி, சிறுவனையே அனுப்பும்படி வீட்டார் பலர் வற்புறுத்தினர். கருவியை மட்டுமே பயன்படுத்துவேன் என்ற தொழிலாளரை விடுத்து, சிறுவனை ஏற்றுவோரை அழைத்தனர்.

1875-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்னும் சிறுவன், கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைவழியில் சிக்கி உயிர்நீத்தான். அவனை ஏற்றிய முதலாளி தண்டனை பெற்றார். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அதே ஆண்டில் உரிமச் சட்டம் பிறந்து, இக்கொடுமைக்கு முடிவு கட்டிற்று. தண்டிக்கப்பட்டவர் முதலாளி ஒருவரே. ஆனால், கம்பளத்தின் தூய்மைக்காகச் சிறுவனைக் கேட்ட கனவான்களும் சீமாட்டிகளும் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. இதனை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

ஜெர்மனியில் வேறொரு வழி கண்டனர். அங்கே நெடுங்காலம் வட்டாரத்துக்கு ஒரு துப்புரவாளர் என்ற முறை இருந்தது. 2013 முதல், துப்புரவுக்கு யாரை அழைப்பது என்பதை வீட்டாரே முடிவு செய்யலாம். ஆயினும், பாதுகாப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு இன்றும் வட்டாரத்துக்கென அமர்த்தப்பட்டவரிடமே உள்ளது. கசப்பான உண்மையைச் சொல்பவரை, சொன்னதற்காகவே வீட்டார் மாற்றிவிட இயலாது. இஃது அறிவுடைய ஏற்பாடன்றோ?

இத்தொழிலாளரின் பாதுகாவலர், மே 4-ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித புளோரியான். உரோமை அதிகாரியான அவர், கொண்ட விசுவாசத்தை மறுக்க மனமின்றி, கி.பி. 304-ஆம் ஆண்டளவில் கழுத்தில் கல்லோடு என்ஸ் ஆற்றில் எறியப்பட்டார் என்பது மரபு. இழப்பு வருமென்று அறிந்தும் உண்மையைச் சொல்லும் தொழிலாளருக்கு இவர் பொருத்தமான பாதுகாவலரே.

நம் வீட்டுக்கும் மின்பணியாளரும் கொத்தனாரும் வருகின்றனர். "இது ஆபத்து, மாற்ற வேண்டும்" என்று அவர்கள் சொல்லும்போது ஐயம் எழுந்தால் காட்டச் சொல்லிக் கேட்போம். அது நம் உரிமை. காட்டியபின்னும் மலிவையே நாடிப் பொய்யான ஒப்பத்தை மட்டும் கேளாதிருப்போம். அது நம் கடமை. கரி படிந்த கையைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால், பிறர் உயிரைப் பணயம் வைத்து நாம் மிச்சம் பிடித்த காசின் கறையை எந்நீரால் கழுவுவது?