முள் காட்டும் கணக்கு

மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. ஆனாலும் பழைய கார்புரேட்டர் வண்டியைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் டாக்கோமீட்டர் வாங்கிப் பொருத்துபவர்கள் வயருக்கு முன் கவனிக்க வேண்டியது மீட்டரின் பின்னாலுள்ள சின்ன சுவிட்சை. பெரும்பாலும் 4, 6, 8 சிலிண்டர்தான் இருக்கும். மாருதிக்கோ மூன்றே சிலிண்டர். "நாலுல வெச்சுக்கலாம் சார்" என்பார் மெக்கானிக். கூடாது. மீட்டர் எண்ணுவது தீப்பொறிகளை: நான்கு சிலிண்டருக்குச் சுற்றுக்கு இரண்டு, மூன்றுக்கு ஒன்றரை. இன்ஜின் 6,000 சுற்றில் அலறும்போது முள் 4,500-ல் சாதுவாக நிற்கும். நம்பி மிதித்தால் இன்ஜின் வேலைதான். 6-ல் வைத்து, காட்டுவதை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் வயர் காயிலின் நெகடிவ் முனைக்கு. பாசிடிவில் கொடுத்தால் முள் அசையாது. முள் துள்ளுகிறதா? எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள். பிளக் வயர்களை ஒட்டி சிக்னல் வயர் ஓடினால் விலக்கிக் கட்டுங்கள்.